பச்சைச் சட்டை, சொல்லுங்க

பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்காரும் அந்த அம்மாளுக்குச் 'சட்டைக்கலர் அக்கா' என்றுதான் பெயர். எல்லாம் அவளுடைய மாறுகண் செய்த வேலை. முன்னால் நிற்பவரைப் பார்த்து "சொல்லுங்க" என்பாள். அவரோ, வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். அடுத்து நிற்பவர் முந்திக்கொண்டு ஊர்ப் பெயரைச் சொல்லித் தொலைப்பார். தினமும் சண்டை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள்: "பச்சைச் சட்டை, சொல்லுங்க." வரிசை ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் தான் பார்த்ததும் பின்னால் திரும்பிப் பார்க்காத ஒரு மனிதரை அவள் கண்டதேயில்லை. அந்த வலி வலிதான்.

அவள் மகள் மெய்நிகர் கதைகள் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டியை முகத்தில் மாட்டினால் நாம் கதைக்குள்ளேயே நிற்போம். நம் கண் போகும் திசையைப் பெட்டி கண்டுகொள்ளும்; யாரை உற்றுப் பார்க்கிறோமோ அவர் வந்து பேசுவார். தன் முதல் கதைக்குள் அம்மாதான் முதலில் போகவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

உள்ளே ஒரு படகுத்துறை. படகு கிளம்புவதற்குள், காணாமல் போன சிறுமியைக் கூப்பிட்டு ஏற்றவேண்டும். கூட்டத்தில் சிவப்புச் சட்டையோடு நின்ற சிறுமியை அவள் பார்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த ஆடு தலையாட்டிக்கொண்டு வந்தது. மறுபடி பார்த்தாள். மறுபடியும் ஆடு. படகு போய்விட்டது. வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் பெட்டியைக் கழற்றினாள், கண் கலங்கியிருந்தது.

"விடுடி. மெஷினுக்கும் மனுஷப் புத்திதான்."

"தப்பு என்னோடதும்மா. ரெண்டு கண்ணும் ஒரே இடத்தப் பாக்கும்னு நெனச்சு செஞ்சிட்டேன். ஒன் கண்ணப் பாத்து வளந்தவ நானே மறந்துட்டேனே." மகள் மூக்கை உறிஞ்சினாள். "நீ எந்தக் கண்ணாலம்மா பாப்ப?"

இத்தனை வருஷத்தில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"வலதுதான் பாக்கும். இடது சும்மா கூட வரும்."

"ஒருத்தருக்காகவா இவ்வளவு வேலை?" என்று மேனேஜர் முணுமுணுத்தார். "ஒருத்தருக்காகத்தான் சார்," என்று மகள் உட்கார்ந்துவிட்டாள். வலது கண்ணை மட்டும் நம்பும்படி எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் எழுந்தாள்.

மீண்டும் படகுத்துறை. அதே கூட்டம், அதே ஆடு. அம்மா சிறுமியைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் "சிவப்புச் சட்டை" என்று வாயெடுப்பதற்குள், சிறுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே ஓடிவந்தாள். ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னத்தானே பாத்தீங்க?"

"ஒன்னத்தான்டி கண்ணு," என்றாள் அம்மா, அறையே அதிரும்படி. "ஒன்னையேதான்."