மங்கா வேண்டாம்

ஜாவாத் தீவுக்குப் போய் வந்த நாளிலிருந்து அக்காவின் கணவரான என் அத்தானோடு ஒரு பிறந்தநாள் விழாவுக்கும் நிம்மதியாகப் போக முடிவதில்லை. இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் மண்டபம் எடுத்துச் செய்கிற விழா என்றாலும் சரி, வுப்பர்டாலில் யாருடையதோ வரவேற்பறை என்றாலும் சரி, றோல்ஸ் பலகாரத் தட்டு ஒரு சுற்று வந்து முடிவதற்குள் கைத்தொலைபேசியை வெளியே எடுத்துவிடுவார். அதற்குள் படங்களுக்கு மூன்று பெட்டிகள்: உணவு, பண்பாடு, இயற்கை. ஏதோ துண்டுப்பிரசுரத்தில் கண்ட மூன்று சொற்களை அப்படியே தூக்கிப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார். தொட்டால் எரிமலை, தொட்டால் வயல், தொட்டால் வாழையிலைச் சோறு. எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் நிற்பார். எரிமலை பாவம், அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும்.

"சுந்தானியர் எண்டு ஒரு சனம். விசாரிச்சுப் பாத்தால் எங்கட ஆக்கள்தான். அந்தக் காலத்திலை பிரிஞ்சு போனவை," என்று தொடங்குவார். கேட்கிறவர்கள் றோல்ஸைக் கடித்தபடி தலையாட்டுவார்கள். கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தப் படங்களில் இல்லாத ஒரு மத்தியானம் இருக்கிறது. அதை நான் எழுதுகிறேன்.

நாங்கள் அங்கே போனது எரிமலை பார்க்க அல்ல, ஒரு பிள்ளைக்காக. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அந்தப் பிள்ளை அங்கே முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்வதற்காக மேற்கு ஜாவாவிலிருந்து வந்தவள். ஓய்வு நேரத்தில் கீழே இறங்கி வந்து, படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து எனக்கு மடித்துத் தருவாள். "எங்கள் ஊரில் சொல்லுவார்கள், சொட்டுத் தண்ணீர் விழ விழக் கல்லிலும் குழி விழும் என்று," என்றாள் ஒருநாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நான் பதிலுக்குப் போட்டேன். அம்மி என்றால் என்ன என்று ஜெர்மன் மொழியில் விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துப் போனது. "அட, மிளகாய் அரைக்கிற கல்! எங்கள் வீட்டிலும் இருக்கிறது," என்று அவள் சிரித்தாள். பழமொழி கொடுத்துப் பழமொழி வாங்கியே நாங்கள் உறவானோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போவேன். அக்காவின் கையால் சோறு தின்று தின்று அவளும் ஆம் என்பதற்கு 'ஓம்', முடியாது என்பதற்கு 'ஏலாது' என்றெல்லாம் சொல்லப் பழகிவிட்டாள்.

பயிற்சியில் கடைசி வருடம் மட்டும் மிச்சமிருக்கும்போது விடுமுறைக்கு ஊருக்குப் போனவளை, தாய் திரும்ப விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டா. தகப்பன் இல்லாத பிள்ளை. சொந்தம் சுற்றம் இல்லாத தேசத்தில் நோயில் விழுந்தால் ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று தாய் கேட்டாவாம். அவள் எனக்குத் தொலைபேசியில் அழுதாள். "அக்கா, நீங்கள் ஒருதரம் வாருங்கள். எனக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அம்மா தன் கண்ணாலே பார்த்தால் விடுவா. நான் சொன்னால் நம்புகிறா இல்லை."

அக்காவும் வருகிறேன் என்றா. அக்கா வந்தால் ஊசிக்குப் பின்னால் நூல் போல அத்தானும் வருவார். வந்தது நூல் இல்லை, தேர் வடம்.

மலைகள் சுற்றி நிற்க, நடுவில் கிண்ணத்துக்குள் வைத்ததுபோல் இருந்தது ஊர். பெயர் காருட். கார் நின்ற உடனேயே அத்தான் அறிவித்துவிட்டார்: "கருடன்! கருடன்தான் தேஞ்சு காருட் ஆயிருக்கு. கவனியுங்கோ." சாரதி அவரைக் கவனித்தார். நாங்கள் பெட்டிகளை இறக்கினோம்.

அந்த ஊர் தொதல் என்கிற இனிப்புக்குப் பேர் போனது. அவர்கள் டொடோல் என்பார்கள். கடை கடையாகத் தொங்குகிறது. "பாத்தியே, எங்கட தொதல்! இவைக்கும் நாங்கள்தான் காட்டிக் குடுத்திருக்கிறம்," என்றார். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனாலும் தொதல் அந்தப் பக்கத்து மலாய் ஆட்களோடு எங்கள் இலங்கைத் தீவுக்கு வந்து இறங்கிய பண்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சொல்லிப் பார்த்தேன். "உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவரோடு யாரும் கதைத்து வென்றதாகச் சரித்திரம் இல்லை.

வெந்நீர் ஊற்றுக்குப் போனால் ஆள் மாறிவிடுவார். சொல் என்று வந்தால் தமிழன், தண்ணீர் என்று வந்தால் ஜெர்மன்காரன். "எங்கட ஜெர்மனியிலை எண்டால் தண்ணி எத்தினை பாகை சூடு எண்டு பலகையிலை எழுதிப் போட்டிருப்பான். இது என்ன, ஒரு ஒழுங்கில்லை," என்று காலுறையோடு கரையில் நின்றார். மலையின் வயிற்றிலிருந்து புகைந்து வருகிற தண்ணீர் அவருக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்கவில்லையாம். முப்பது வருடம் ஐரோப்பாவில் இருந்து எங்களில் ஒரு வகை ஆட்கள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: போகிற இடமெல்லாம் பலகை தேடுவது.

அந்த ஊரில் எங்கே திரும்பினாலும் ஒரு சொல் காதில் விழுந்தது. விடுதிக் கதவைத் திறந்தவர் 'மங்கா' என்றார். குதிரைவண்டிக்காரர் இருக்கையைக் காட்டி 'மங்கா' என்றார். தொதல் கடைக்காரி சின்னத் துண்டு ஒன்றை நீட்டி 'மங்கா' என்றாள். அத்தான் தொலைபேசியில் தேடினார். இந்தோனேசிய மொழியில் மங்கா என்றால் மாம்பழம் என்று வந்தது. எங்கள் மாங்காய் கடல் கடந்து போய் அப்படி ஆனது என்றும் வந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அரைக்குடத்துக்குள் அரை உண்மை விழுந்தால் தளும்பலைக் கேட்கவா வேண்டும்? "மாங்காய்! தமிழ்ச் சொல்! இந்தச் சனம் விடிஞ்சால் பொழுதுபட்டால் மாம்பழம் சாப்பிடச் சொல்லியே கேக்குது. எனக்குச் சீனி வருத்தம் எண்டு இவைக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?" என்று அந்த நீரிழிவுக்காரர் உண்மையாகவே கவலைப்பட்டார். ஊரில் மருந்துக்கும் ஒரு மாம்பழம் கண்ணில் படவில்லை. அது அவரைக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

பிள்ளை வீட்டு வேலையில் இருந்ததால் எங்களோடு சுற்றவில்லை. விருந்தன்று வந்து அழைத்துப் போனாள். வீட்டுக்குப் பின்னால் மீன்குளம், அதற்கு அப்பால் படிப்படியாக வயல். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் வாழையிலைகளை நீளத்துக்கு அடுக்கி, தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்த சோற்றை நடுவில் கொட்டியிருந்தார்கள். பக்கத்தில் கருவாட்டுப் பொரியல், இடித்த சம்பல், பச்சையாகவே தின்கிற இலைகுழைகள். அதற்குள் எங்கள் மணத்தக்காளிக் காய்கூடக் குவிந்து கிடந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்த்தார்கள். பிள்ளை கொல்லையில் தணலில் மீன் வாட்டிக்கொண்டு நின்றாள்.

தாய் சின்ன உருவம். முக்காடு போட்டு, வெற்றிலைக்கொடி மாதிரி மெல்லிய ஆள். அத்தானுக்கு எதிரே முழங்காலில் உட்கார்ந்து, வலது கைப் பெருவிரலால் சோற்றைப் பணிவாகச் சுட்டி, "மங்கா," என்றா.

அத்தான் போக்குவரத்துப் பொலிஸ்காரனைப் போல உள்ளங்கையைத் தூக்கினார். "நோ மங்கா! சுக்கர்!" சுக்கர் என்பது ஜெர்மனில் சீனி. அந்த ஊரில் அது யாருக்கு விளங்கும்?

தாய் கொஞ்சம் தயங்கினா. பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "மங்கா, மங்கா," என்றா.

"நோ, நோ, நோ. நோ மங்கா!" இந்த முறை தனக்கு முன்னால் இருந்த இலையைக் கையால் மூடியே விட்டார்.

"இஞ்சாருங்கோ, ஒரு துண்டு எண்டாலும் எடுங்கோவன். மூஞ்சி வாடுது அந்த மனிசிக்கு," என்று அக்கா குசுகுசுத்தா.

"நீர் பேசாமல் இரும். ஒருக்கா ஓம் எண்டால் கூடையோடை கொண்டு வந்து கொட்டுவினம்."

விருந்தாளி கை வைக்காமல் வீட்டுக்காரர் கை வைப்பதில்லை. சோற்றின் ஆவி அடங்கிப் போனது. தாய் எழுந்து அடுப்படிக் குசினிக்குள் போனா. ஒரு மாமி பின்னாலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கொல்லைப் பக்கம் விரைந்தா.

பிள்ளை கையில் மீன் தட்டோடு வந்து நின்றாள். முகம் செத்துப் போயிருந்தது. ஜெர்மனில் என்னிடம் கேட்டாள்: "எங்கள் வீட்டுச் சாப்பாடு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? நாங்கள் முஸ்லிம் என்றபடியாலா என்று அம்மா அழுகிறா. இப்படிப்பட்டவர்களா உனக்கு ஆட்கள் என்று கேட்கிறா."

ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் எழுந்து வருவது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்று கணக்குப் பார்த்த ஊர் அது. அந்த அழுக்கைப் பிளேனில் ஏற்றிக்கொண்டு வந்து அவள் தாயின் பாயில் கொட்டியதுபோல் இருந்தது.

"மாம்பழம்தான் வேண்டாம் என்றவர், சாப்பாடு இல்லை," என்றேன்.

"என்ன மாம்பழம்?"

சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவர்களுடைய சுந்தா மொழியில் மங்கா என்றால் 'வாருங்கள், இருங்கள், சாப்பிடுங்கள், தாராளமாக' என்று மரியாதையாகச் சொல்வது. யாரையும் கடந்து போகும்போது கையைத் தாழ்த்தி 'புன்டன்' என்று வழி கேட்டால், அவர் 'மங்கா' என்று வழி விடுவார். இதையெல்லாம் அத்தானுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

மனிசன் இப்போதாவது நாக்கைக் கடிப்பார் என்று பார்த்தேன். அவர் கண்ணாடியைச் சரி பண்ணினார். "அது பிழையான பாவனை, பிள்ளை," என்று அவளுக்கு ஜெர்மனில் விளக்கினார். "மூலச் சொல் மாங்காய். உங்கட ஆக்கள் காலப்போக்கிலை கருத்தை மாத்திப் போட்டினம்."

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைக் கட்டினவனையே பிழை சொல்கிறார். அவள் வீட்டில், அவள் தாய் உள்ளே அழுதுகொண்டிருக்கும்போது, அவள் மொழியை அவளுக்கே திருத்திக் கொடுக்கிறார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அக்கா எழுந்தா. மூட்டுவலிக்காரி, சுவரைப் பிடித்து எழுந்து, குசினி வாசலுக்குப் போய், கையைத் தாழ்த்தி, "புன்டன்," என்றா.

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் நின்றது. பிறகு, "மங்கா," என்று கேட்டது.

நானும் பிள்ளையும் பின்னால் போனோம். அக்கா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சோற்றுப் பானையின் அடியைக் காட்டினா. அடிப்பிடித்த சோறு. தாய் கரண்டியால் சுரண்டிக் கையிலேயே போட்டா. அக்கா அதைச் சம்பலில் புரட்டி வாயில் வைத்து, "ஆ, உறைப்பு!" என்று கண்ணீர் விட்டா. தாயும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடியே சிரித்தா. பிறகு எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் தட்டு வந்தது. கூடத்திலும் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள் என்று சத்தத்தில் தெரிந்தது.

ஆனால் நிம்மதியாகச் சாப்பிட விட்டால்தானே. "இஞ்சாருமப்பா, குளிசை எங்கை?" என்று கூடத்திலிருந்து குரல். அக்கா எச்சில் கையோடு எழுந்து போய் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தா. உட்கார்ந்தா. "இஞ்சாரும், மீனிலை முள்ளு!" போய் முள் எடுத்துக் கொடுத்தா. உட்கார்ந்தா. "சுடுதண்ணி!" போனா. கண்ணாடியில் எண்ணெய் பட்டுவிட்டதாம், அதையும் துடைத்துக் கொடுத்தா. தாய் மெல்லுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் அக்கா போவதையும் வருவதையும் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டே இருந்தா. ஒருமுறை கூடத்தைக் காட்டிப் பிள்ளையிடம் ஏதோ கேட்டா. பிள்ளை, "ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துத் தங்கள் மொழியில் சொன்னாள்.

வெயில் சாயப் புறப்பட்டோம். அத்தான் முதல் ஆளாகக் காரில் முன்னிருக்கையில் ஏறி, கதவைத் திறந்து வைத்தபடி வயலைப் படம் எடுத்தார். இயற்கைப் பெட்டி இன்னும் நிறையவில்லைப் போலும். தாய் அக்காவின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, நீளமாக ஒரு கதை சொன்னா. இடையில் ஒருமுறை பெருவிரல் பணிவாகக் காரைச் சுட்டியது. சொல்லி முடித்து, மகளின் தலையைத் தடவி, உள்ளே போய்விட்டா.

பிள்ளையின் கண் நிறைந்திருந்தது, உதடு சிரிப்பை அடக்கியது. என் காதோடு சொன்னாள்: "போய்ப் படித்து முடி என்கிறா. அந்த நாட்டில் இப்படி ஆம்பிளைகள் இருந்தால், கிழடாகிற காலத்தில் யார் அவர்களைப் பார்க்கிறது? பாவம், அந்த அக்கா ஒருத்தியாலே ஏலாது. உன்னைப்போல நாலு பேர் வேண்டும்தான், போ என்கிறா."

காருக்குள்ளிருந்து அத்தான் கழுத்தை நீட்டினார். "என்னவாம்? என்னைக் காட்டி ஏதோ சொன்னவ?"

"உங்களை நல்லாப் பாக்கவேணுமாம், அத்தான்," என்றேன்.

அவர் திருப்தியோடு கதவை இழுத்துச் சாத்தினார். "பாத்தியே, மரியாதை தெரிஞ்ச சனம். எங்கட ஆக்கள் எண்டு நான் சும்மாவே சொன்னனான்?"