புரதக் குழிக்குள் இருந்தது

அவருக்கு 'உப்பு அக்கா' என்று பெயர் வைத்த புண்ணியவான் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணாடித் தட்டில் பளபளவென்று ஒரு படிகம் வளர்ந்துவிட்டதென்று அவர் ஆய்வகத்தையே கூட்டிவிட்டார். என் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தால், அது புரதமே இல்லை. கரைசலில் இருந்த வெறும் உப்பு. இந்தத் தொழிலில் அந்த அடி வாங்காதவர் கிடையாது. ஆனாலும் நான் விடுவேனா? இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்காவின் வேலை புரதத்தைப் படிகமாக வளர்ப்பது. ஒற்றைப் புரதம் சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கு அகப்படாது. கோடிக்கணக்கில் வரிசையாக அடுக்கிப் படிகமாக்கினால், அதில் பட்டு எக்ஸ்ரே சிதறும். அந்தச் சிதறலைக் கணக்குப் போட்டால் எந்த அணு எங்கே இருக்கிறதென்று மேகம் மாதிரி ஒரு வரைபடம் கிடைக்கும். எங்கே குழி, எங்கே கதவு, எது எதைப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்தப் புரதம் செய்யும் வேலையும் பிடிபட்டுவிடும். கதிர் அடிப்பது என் பாடு. படிகம் வளர்ப்பது பொறுமைசாலி வேலை. எனக்கு அது சுத்தமாக வராது.

அந்த வருடம் எங்கள் கையில் இருந்தது ஒரு வைரஸ் புரதம். உடம்பின் செல்லுக்குள் புகுந்து அங்கிருக்கும் ஆர்.என்.ஏ. இழையை வெட்டிப் போடுவது அதன் தொழில். இழை நுழைவதற்கு நடுவில் ஒரு குழி உண்டு. அந்தக் குழியை அடைக்கும் மருந்தைத் தேடி, ஆய்வு மாணவி ஒருத்தி நாலு வருடம் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாள். அவள் மருந்தில் ஊறவைத்து அக்கா உறையவைத்துக் கொடுத்த படிகத்தை நான் கதிரில் வைத்தேன். வரைபடத்தில் குழிக்குள் மேகம்போல ஒரு திட்டு! மாணவி துள்ளிக் குதித்தாள். வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அறிவித்துவிடுவதென்று பேராசிரியர் முடிவு கட்டினார்.

ஆனால் திட்டு சின்னது. மருந்தோ இரண்டு வளையம் உள்ள நீளமான மூலக்கூறு. "மீதிப் பாதி அசைஞ்சுக்கிட்டே இருக்கும், அதான் தெரியல," என்றார் பேராசிரியர். நடக்கக்கூடியதுதான், குரூப் போட்டோவில் தலையை ஆட்டினவன் முகம் கலங்கித் தெரிவதில்லையா? இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை மாணவி படத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினாள். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன் நோட்டை எடுத்துப் புரட்டினார். முகம் வெளிறிப்போயிற்று.

"உறையவைக்கும்போது வழக்கமா போடற கரைசல் அன்னைக்குத் தீர்ந்துபோச்சு. கிளிசரால் போட்டேன். அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டவ, மறந்தே போயிட்டேன்."

"அதனால என்னக்கா?"

"இது மருந்து இல்லம்மா. கிளிசரால்."

பாகு மாதிரி இருக்கும் திரவம் அது. உறையும்போது ஐஸ் உண்டாகிப் படிகம் கெட்டுப்போகாமல் இருக்கப் போடுவோம். சில சமயம் புரதத்தின் குழிக்குள் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும்.

மாணவி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "வேற யாருக்கும் தெரியாதேக்கா."

"எனக்குத் தெரியுமே," என்றார் அக்கா. நேரே பேராசிரியர் அறைக்குப் போனார்.

"இத்தனை வருஷமா என்ன வேலை பார்க்கறீங்க? ஒரு வரி எழுத முடியாதா?" என்று அவர் போட்ட சத்தம் என் அறைவரை கேட்டது. அக்கா ஒரு சாக்குப்போக்கும் சொல்லவில்லை. கருத்தரங்குப் பேச்சு ரத்தானது.

அக்கா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இரண்டு மாதம். மாணவி அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அக்கா அறையைப் பூட்டிக்கொண்டு அழுத ஒரு நாளும் உண்டு. புதுப் படிகத்தைக் கதிரில் வைத்தோம். குழி காலி. மருந்து உள்ளே எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

ஏன் போகவில்லை என்று தெரிந்தாக வேண்டும். வெட்டும் சக்தியை முடக்கிய புரதத்தோடு ஒரு துண்டு ஆர்.என்.ஏ.வைச் சேர்த்து, அக்கா இன்னொரு தட்டு வளர்த்தார். அந்தப் படத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. இழையை அந்தப் புரதம் நேராக வெட்டுவதில்லை. முதலில் முழங்கைபோல மடக்குகிறது. பிறகு மேலிருந்து புரதத்தின் ஒரு வளைவு இறங்கி இழையைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பிறகே வெட்டுமிடம் உருவாகிறது. அதுவரை திறந்து கிடக்கும் குழியில் பிடிமானமே கிடையாது, மருந்து அங்கே எப்படி நிற்கும்? இனி எந்த வடிவத்தில் மருந்து தேட வேண்டுமென்று மாணவிக்குத் தெரிந்துவிட்டது.

அவள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சாரிக்கா, சாரிக்கா." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அந்தத் திட்டை முதல்ல பார்த்தது நீங்கதானே? உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் படம் பார்த்த என் கண்ணுக்கு அது தப்பியிருக்காதென்று அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரிந்தே என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தோணிச்சும்மா," என்றேன். "மருந்து இல்லைன்னு அப்பவே தோணிச்சு. சொல்லல."

தவறு செய்த அக்காவோடு அவள் அன்றைக்கே ராசியாகிவிட்டாள். என்னோடு இன்னும் ஆகவில்லை.