ஸ்டாண்டு மைதானத்தில் மனு எழுதிய நாட்கள்

சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தள்ளி நிறுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். காலை எட்டு மணி வாக்கில் அது ஒன்றன்பின் ஒன்றாக, மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அது ஓய்ந்த பிறகுதான் நான் பேனாவைத் திறப்பேன். மனு எழுதும் தொழிலில் கையைவிடக் காது முக்கியம். வந்தவர் உட்கார்ந்ததும் சொல்வது குறை. எழுந்து போகும்போது சொல்வதுதான் கோரிக்கை.

நீங்களும் எங்காவது ஒரு ஜன்னலுக்கு முன்னால் மனுவும் கையுமாக நின்றிருப்பீர்கள். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்க்கும்வரை அந்தக் காகிதத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் தவித்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள். கணவர் போன பிறகு திருப்பூரில் நான் கண்ட வேலை இது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு திறந்த மைதானம். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களும் கடைவீதிக்கு வருகிறவர்களும் சைக்கிளையும் மொபெட்டையும் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதன் வேப்பமர ஓரத்தில் என் மேசை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஊரில் எங்கே பார்த்தாலும் பள்ளம் தோண்டிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மைதானத்துக்கும் ஒருநாள் அறிவிப்புப் பலகை வந்தது: தனியார் ஒருவர் வணிக வளாகம் கட்டுவார், வண்டி நிறுத்தும் இடம் தரைக்குக் கீழே போகும், ஆட்சேபணையோ ஆதரவோ இருந்தால் முப்பது நாளில் எழுதிக் கொடுக்கலாம்.

அந்த முப்பது நாளும் எனக்கு நிமிர நேரமில்லை.

ஒரே பெஞ்சு

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் எந்தப் பக்கம் என்று கேட்கக் கூடாது. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல என்று நானே சொல்லிக்கொள்வேன்.

சேவூர்ப் பக்கமிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். மைதானத்தை ஒட்டி அப்பன் விட்டுப்போன ஒரு கடை இருவருக்கும் பொது. வளாகம் வந்தால் கடைக்கு மதிப்புக் கூடும் என்பது அண்ணன். வளாகம் வந்தால் நம் கடைக்கு எவன் வருவான் என்பது தம்பி. அண்ணனுக்கு ஆதரவு மனு எழுதி முடிக்கும்வரை தம்பி அதே பெஞ்சில் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். பிறகு இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஆட்சேபணை மனு எழுதினேன். இருவரும் வந்த ஒரே மொபெட்டில் ஏறும்போது அண்ணன் என்னிடம் சொன்னார்: "அவனுதையும் நல்லாவே எழுதிக் குடுத்திருப்பீங்கொ. சின்னதுல இருந்து அவனுக்கு எதுலயும் கொறை வெச்சதில்லீங்க."

நிழல்

ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வெண்ணெய் கொண்டுவந்து விற்கும் ஓர் அம்மாள், சரஸ்வதி என்று பெயர். வெயில் ஏறினால் வெண்ணெய் இளகிவிடும் என்று பத்து மணிக்குமேல் கூடையை எங்கள் வேப்பமரத்தடியில் வைப்பார். அவரும் ஒரு மனு எழுதச் சொன்னார். ஆட்சேபணையா, ஆதரவா என்று அலுவலகத்தில் கேட்பார்கள், மேலே ஏதாவது ஒன்று எழுத வேண்டும் என்றேன். கூடைமேல் போட்டிருந்த ஈரத்துணியைத் திருப்பிப் போட்டார்.

"ரெண்டுமில்லீங்கம்மா. கட்டறவீங்க கட்டட்டும். நெழல எங்க வெக்கறாங்கன்னு மட்டும் கேட்டு எழுதுங்க."

வண்ணப்படம்

பலகைக்குப் பக்கத்தில் ஒருநாள் பெரிய வண்ணப்படம் ஒன்றை மாட்டினார்கள். கண்ணாடிச் சுவர், செயற்கை நீரூற்று, குடை பிடித்த ஒரு பெண், பலூன் வைத்திருக்கும் குழந்தை. மைதானமே கூடி நின்று பார்த்தது. நானும் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மைதானத்தில் சைக்கிள் ஸ்டாண்டை நடத்திய மரியசெல்வம் என் பக்கத்தில் நின்றார். நாசரேத்துப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் பெரிய கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டும் மிஷினில் வலது கையில் இரண்டு விரல் போன பிறகு இந்த ஸ்டாண்டுக்கு வந்தவர். என் மேசைக்கு இடம் கொடுத்ததும் அவர்தான். வாடகை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் யாருக்கும் பாடம் நடத்தியவள் இல்லை. கண்ணாடியும் பேனாவும் இருந்ததால் அவருக்கு நான் டீச்சர். படத்தை மேலிருந்து கீழாக, துணியில் ஓட்டை தேடுகிறவர்போலப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன பேரு நடக்காவ. ஒருத்தன் கையிலயும் தூக்குச்சட்டி இல்லியே டீச்சர்."

மரியசெல்வத்தின் மனு

அவர் தன் மனுவைக் கடைசி வாரம்தான் கொண்டுவந்தார். மற்றவர்கள் வேலை முடியட்டும் என்று காத்திருந்தாராம். பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு வண்டிகூடத் தொலையவில்லை. வாடிக்கையாக வருகிறவர்களுக்கு அவர் சீட்டுக் கொடுப்பதில்லை, முகமே சீட்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒரு பையன் மஞ்சள்காமாலையில் விழுந்து ஆறு மாதம் கழித்து வந்தபோது, அவன் சைக்கிள் காற்று அடித்துத் துடைத்து நின்றது. இவ்வளவும் சொல்லிவிட்டு, நகரும்போது மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவுக கட்டத்தான் போறாவ. கட்டுனாலும் வண்டி பாக்குற வேலய எனக்கே தரச் சொல்லி, கடைசில ஒரு வரி போட்டிருங்க. ஒரு ஓரம் போதும்."

அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மனுக்களில் அதுதான் சிறந்தது. அதில் ஒரு வாக்கியம்: 'நம்பி விட்டுப்போன வண்டி விட்ட இடத்திலேயே நிற்பதுதான், வந்தவருக்கு ஓர் ஊர் செய்யும் முதல் மரியாதை.' எழுதிவிட்டு மெல்ல வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். ஓசை சரியாக விழுந்தது. அதன் கீழே 'எனவே' என்று தொடங்கி, மைதானம் மைதானமாகவே இருக்க வேண்டும் என்று முடித்தேன். அவர் கேட்ட அந்தக் கடைசி வரியைப் போடவில்லை. மறந்து அல்ல. அவ்வளவு நிமிர்ந்து நின்ற மனுவின் காலடியில், கட்டினாலும் எனக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று சேர்ப்பது அதைக் குனிய வைப்பதாக எனக்குப் பட்டது. அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். நான் காப்பாற்றியது என் வாக்கியத்தை.

மறுநாள் அவர் படித்துப் பார்க்கவில்லை. இடது கையால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்று விரலால் கையெழுத்துப் போட்டார். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

பொன்னுசாமியின் மனு

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பொன்னுசாமி வந்தார். கடைவீதியில் பனியன் கடை வைத்திருப்பவர், கடைக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர். கெட்ட மனிதர் இல்லை. தன் கடை வாசலில் தண்ணீர்ப் பானை வைத்து, தானே நிரப்புகிறவர். வெளியூரிலிருந்து சரக்கு எடுக்க வருகிறவர்கள் காரை நிறுத்த இடமில்லாமல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே ஈரோட்டுக்குப் போய்விடுகிறார்களாம். வளாகம் வேண்டும், தரைக்குக் கீழே கார் நிறுத்த வேண்டும், அழுத்தமாக எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். நடுவில் ஓரிடத்தில் பேனா நின்றது. விட்டுப்போன வண்டி, வந்தவருக்கு மரியாதை, அதே எண்ணம்தான் இங்கேயும் வேண்டியிருந்தது. வேறு விதமாகச் சொல்ல இரண்டு மூன்று தடவை முயன்றேன். ஒன்றும் அதற்கு ஈடாக இல்லை. அந்த வாக்கியத்தையே எழுதினேன். இரண்டு காகிதமும் போய்ச் சேருவது ஒரே மேசைக்குத்தான் என்பது, இத்தனை வருடம் இதே வேலை பார்த்த எனக்கு அப்போது தோன்றவில்லை. பொன்னுசாமி படித்துப் பார்த்து, அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வரி ஒண்ணு போதுமுங்க. மத்ததெல்லாம் சும்மா தொணைக்கு நிக்குது."

கூட்டம்

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரி பொறுமையானவர்; ஒவ்வொரு மனுவிலும் முக்கியமான இடத்தைச் சத்தமாக வாசித்தார். பொன்னுசாமியின் மனுவில் அந்த வாக்கியத்தை வாசித்தபோது சிலர் தலையாட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு மனு தள்ளி மரியசெல்வத்தினுடையது. அதே வாக்கியம். மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான்.

"வேணுங்கறவரும் வேண்டாங்கறவரும் ஒண்ணத்தானே சொல்றாங்க. வண்டிக்குப் பாதுகாப்பான எடம் வேணும். கட்டடம் வந்தா அது கெடச்சிரும்," என்றார். மைதானமாகவே இருக்க வேண்டும் என்று முடித்திருந்தேனே தவிர, அவரை மறுத்துச் சொல்ல அந்த மனுவில் ஒன்றும் இல்லை. வண்டி இருந்தது, ஊர் இருந்தது, மரியாதை இருந்தது. வண்டியைப் பார்த்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஆனாலும் அவர் நியாயமானவர். காகிதத்தை இறக்கி வைத்துவிட்டு, "மரியசெல்வம் யாருங்க? இது தவிர உங்களுக்குன்னு தனியா ஏதாச்சும் கேக்கணுமா?" என்று கேட்டார். மரியசெல்வம் எழுந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் எழுந்து சொல்லியிருக்கலாம். இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதிகாரியிடம் சொன்னார்: "எல்லாம் அதுல டீச்சர் எழுதியிருக்காவ சார்."

திரும்பி வந்த வழி

மண்டபத்திலிருந்து மைதானத்துக்கு இருவரும் நடந்தே வந்தோம். பாதி வழியில் கேட்டார்: "அந்தக் கடைசி வரிய அவரு வாசிக்கலியே டீச்சர்?" நான் எழுதவில்லை என்றேன். ஏன் எழுதவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே கேட்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாக, அந்த ஒரே வரியை மட்டும் வைத்து இன்னொரு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தேதி முடிந்துவிட்டது என்றார்கள். சரியான பதில்தான்.

ஆனால் அது மறுநாள். அன்றைக்கு அவர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். சாலையைக் கடக்கும்போது, லாரி வருகிறதா என்று எனக்காகவும் சேர்த்துப் பார்த்தார். மைதானத்துக்கு வந்து, யாரோ சாய்த்து விட்டுப்போன ஒரு சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தியபடி சொன்னார்: "வாசிக்கையில கேக்க நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்."

அதே வரி

வளாகம் வந்தது. வேப்பமரம் போனது. என் மேசை இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை வாசலுக்குப் போனது. சரஸ்வதி அம்மாள் சில நாள் கூடையோடு அங்கேயும் வந்து பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்கு நிழல் மத்தியானத்துக்கு மேல்தான். பிறகு வரவில்லை. தரைக்குக் கீழே வண்டி நிறுத்த ஒதுக்கிய இடத்தைக் கட்டியவர்கள் சீக்கிரமே தடுப்பு வைத்துத் துணி மூட்டை அடுக்கும் குடோனாக்கி விட்டார்கள். வண்டிகள் தெருவுக்கு வந்து நின்றன. சைக்கிளும் மொபெட்டும் மட்டுமல்ல, இப்போது காரும்.

ஒருநாள் பொன்னுசாமி என் புது இடத்தை விசாரித்துக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. கடை வாசலை அடைத்து எவனோ காரை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறானாம். உள்ளே போக முடியாமல் ஆட்கள் திரும்பிப் போகிறார்களாம். குடோனை எடுத்துவிட்டு வண்டி நிறுத்தும் இடத்தை மீட்டுத் தர வேண்டும் என்று ஒரு மனு. "பழைய ஸ்டாண்டே தேவலைன்னு ஆயிப்போச்சுங்கம்மா. அந்தக் கையில வெரலில்லாதவரு இருந்தவரைக்கும் என்ற கடை வாசல்ல ஒரு வண்டி நின்னதில்லை," என்றார். இதை அன்றைக்கு மண்டபத்தில் யாராவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். யாராவது என்றால், என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் 'எனவே'யை எழுதினேன். என்ன வேண்டும், யாருக்கு வேண்டும். அதன் பிறகுதான் மேலே போனேன். எழுதி முடித்து நீட்டியதும் அவர் மேலும் கீழுமாகத் தேடினார்.

"ஏனுங்கம்மா, அன்னைக்கு ஒரு வரி எழுதுனீங்களே, அதைக் காணோமுங்க? அதையும் போட்டுருங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒத்துவர்ற வரி சும்மா கெடைக்குமுங்களா?"

கடைசியாக

இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்ததில் நான் கற்றது, கேட்டதை மட்டும் எழுத வேண்டும் என்பதுதான். மரியசெல்வம் இப்போது முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறார், அந்த வேலைக்கான விண்ணப்பத்தை மூன்று விரலால் அவரே எழுதிக் கொடுத்தார், மொத்தம் நாலு வரி.