சாமி மாடத்து மாத்திரை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்றைக்குத் தம்பானூரில் இரண்டு மெஸ் நடத்துகிறேன். பி.ஏ. படித்தவன் என்னிடம் கணக்கு எழுதுகிறான். புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு என்பதற்கு எட்டு வயதில் நடந்த ஒன்றே போதும்.

அப்போது வலியசாலையில் இருந்தோம். அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். ரவிக்கை தைத்துச் சம்பாதித்தாள். அவளுக்கு வலிப்பு உண்டு. மறந்துவிடக் கூடாதென்று அம்மா மாத்திரையைச் சாமி மாடத்தில் வைத்திருந்தாள். காலையில் விளக்கேற்றி, திருநீறு பூசி, மாத்திரையைக் கையில் கொடுப்பாள்.

மாதத்தில் சில நாள் அத்தை பின்னறையில் ஒதுங்கி இருப்பாள். வலிப்பும் அப்போதுதான் வரும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அறையில்தான் ஏதோ இருக்கிறது என்று பாயைத் தூக்கிப் பார்த்தேன், உத்தரத்தைப் பார்த்தேன். ஒரு பல்லிதான் இருந்தது. அதை விரட்டினேன். அடுத்த மாதமும் வலிப்பு வந்தது. ஓடிப்போய் அத்தையைப் பிடித்ததற்கு என் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். விழுந்தவளைப் பிடித்தால் எதற்குக் குளிக்க வேண்டும்? அதுவும் புரியவில்லை.

டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். அத்தைக்குப் பகலெல்லாம் தூக்கம். மெஷின் ஊசி ஒருநாள் விரலில் இறங்கிவிட்டது. "இனியும் கூட்டினா நான் மெஷின்ல இருக்கமுடியாது மைனி" என்று அம்மாவிடம் அழுதாள்.

மறுபடி டாக்டரிடம் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் மலையாளி; மருந்து சாப்பிடுவதைக் 'கழிப்பது' என்பார். அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "மருந்து முடங்காம கழிக்கிறதுண்டோ?"

"ஒருநாள் முடங்கினதில்ல சாரே."

அத்தை குனிந்திருந்தாள். டாக்டர் இன்னும் கூட்டி எழுதப் பேனாவை எடுத்தார்.

"பின்னறையில இருக்கும்போ அத்தைக்கு மாத்திரை கிடையாதுல்லா?" என்றேன். "சாமி மாடத்துல உள்ளதை அப்போ அத்தைக்குக் குடுக்கப்பிடாதுன்னு அம்மை சொல்லுவாளே."

"ஏட்டி, வாயை மூடு!" அப்பாவின் முகம் மிளகாய்ப் பழம்போல் ஆகிவிட்டது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அத்தையிடம் திரும்பி, "வலிப்பு எப்போழும் அந்த நாள்லதானோ?" என்றார். அவள் தலையசைத்தாள்.

"அந்த நாள்ல உடம்புக்குள்ள மாற்றம் வரும். சில பெண்ணுங்களுக்கு வலிப்பு கூடுறதே அதனாலதான். அப்போ மருந்து முடக்கவே கூடாது. இப்போ கூட்ட வேண்டா, முடங்காம கழிச்சிட்டு வா. பார்க்கலாம்."

அன்றைக்கே மாத்திரை அத்தையின் தலையணைப் பக்கம் வந்துவிட்டது. வலிப்பு அடியோடு நிற்கவில்லை. ஆனால் நன்றாகக் குறைந்தது. அத்தையும் தூங்கி விழாமல் தைத்தாள். பெரிய டாக்டருக்குத் தெரியாததைக் கண்டுபிடித்தவள் நான் என்று அப்போதே தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்றைக்கும் சொல்வேன்.

அத்தையிடமும் போய்ப் பீற்றிக்கொண்டேன். "நான் சொல்லல்லேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்லா அத்தை?"

"எனக்குத் தெரியும்ட்டி" என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி.

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"டாக்டர் கேட்டது அண்ணன்ட்டல்லா."

எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில்தானே இருந்தாள்! வாயைத் திறந்தால் கேட்காதா? பாவம், அத்தைக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.