சாம்பல் நோய் என்று எரித்த வாடாப்பூ

பச்சைச் செடியை எரித்தால் ஒரு புகை வரும். கண்ணைக் கரிக்கும், தொண்டையை அடைக்கும். அன்று வந்த புகையில் லேசாகத் தேன் வாசமும் இருந்தது. இன்றைக்கும் யாராவது குப்பை கொளுத்தினால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது.

கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்... பெயர் வேண்டாம். அங்கே தோட்டப் பிரிவில் என் முதல் வேலை. பாட்டனி படித்த பெண் என்று எடுத்துக்கொண்டு, ஹைட்ரேஞ்சியாவுக்குத் தண்ணீர் விடச் சொன்னார்கள். விட்டேன்.

பின்னால் ஒரு புல்வெளிச் சரிவு. அதில் வாடாப்பூ பூத்துக் கிடக்கும். சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் சட்டைப் பட்டன் அளவுகூட இருக்காது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் காகிதம் போல வெள்ளை, தொட்டால் சரசரக்கும். கல்லறைத் திருநாளுக்கு எங்கள் வீட்டில் கடைப் பூ வாங்க மாட்டோம். அப்பா கல்லறைக்கு இந்தப் பூதான். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

அந்தச் சரிவில் காட்டேஜ் கட்டப் போகிறோம் என்று ஒரு நாள் ஜேசிபி வந்து நின்றது.

நானும் கூட வேலை பார்த்த ஜெசிந்தாவும் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடினோம். விதையை நம்ப முடியாது, மூச்சு விட்டாலே பஞ்சோடு பறந்துவிடும். இளங்கொம்பாக ஒடித்து, தொட்டிகளில் மணல் கலந்த மண் போட்டு நட்டு வைத்தோம். தண்ணீர் கூடினால் அழுகும், குறைந்தால் காயும். ராத்திரிப் பனிக்குச் சாக்கு மூடி, காலையில் வெள்ளனே போய் எடுப்போம். அதற்குள் சரிவு முழுக்கக் கான்கிரீட் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் வேறெங்கும் அந்தப் பூ இல்லை. எங்கள் தொட்டிகளில் இருந்ததுதான் மிச்சம்.

இந்தச் செடிக்கு இலையெல்லாம் வெள்ளை ரோமம். குளிருக்குப் போர்த்திக்கொண்ட கம்பளி அது.

தோட்ட மேனேஜர் பக்கத்துப் பூண்டி கிராமத்துக்காரர். பூண்டும் பட்டாணியும் போட்ட குடும்பம். பட்டாணி இலையில் வெள்ளை பூத்தால் சாம்பல் நோய், உடனே பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போயிருந்த நேரம் ரவுண்ட்ஸ் வந்திருக்கிறார். நாங்கள் திரும்பியபோது புகை...

“என்ன சார் பண்ணிட்டீங்க?”

“சாம்பல் நோய்ம்மா. எல பூராம் வெள்ளையடிச்சுக் கெடக்கு. விட்டா ரோஜாவுக்குல்ல தொத்திரும்?”

“வெரலால ஒரு தடவ தேச்சுப் பாத்தீங்களா சார்? நோயின்னா மாவு மாதிரி ஒட்டும். இது செடியோட ரோமம்.”

“ஏம்மா, எனக்கே வெவசாயம் சொல்லித் தர்றியா? போயி வேற சோலியப் பாரு.”

ஜெசிந்தா அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தெரியாதது தப்பில்லை. அந்தத் தொட்டிகளை நாங்கள் பிள்ளை மாதிரி பார்த்ததைத் தினமும் பார்த்த மனுஷன், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமாம்!

ஒரே ஒரு செடி தப்பியது. வாடிப்போய் இருந்ததால் ஜெசிந்தா முந்தின நாள்தான் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். மலைக்குக் கீழே பெரும்பாறை ஊருக்குக் கல்யாணமாகிப் போகும்போது என் கையில் கொடுத்தாள். “கீழ உள்ள சூட்டுக்கு இது தாங்காதுடி. நீயே வச்சுக்க.”

நான் அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. இப்போது அந்த ரிசார்ட்டில் ‘வைல்ட் ஃபிளவர் வாக்’ நடத்துகிறார்கள். எங்கிருந்தோ வந்த டெய்சியை வரிசையாக நட்டு, ‘நம் மலைப் பூ’ என்று போர்டு வேறு. போன வாரம் அதே மேனேஜர் போன் செய்தார்.

“மேடம், நல்லா இருக்கீங்களா? ஒங்க வீட்ல அந்த வெள்ளப் பூச்செடி இருக்காமே... கெஸ்ட்டுங்க லோக்கல் செடிதான் கேக்குறாங்க. ரெண்டு கொம்பு வெரசா குடுத்து விட்டீங்கன்னா...”

அன்றைக்கு ‘ஏம்மா’. இன்றைக்கு ‘மேடம்’.

“அது சாம்பல் நோய் புடிச்ச செடிங்க சார். ஒங்க ரோஜாவுக்குத் தொத்திரும்” என்றேன். போனை வைத்துவிட்டார்.

கொம்பு ஒடிக்காமல் இல்லை. ஒடித்து, அப்பா கல்லறையைச் சுற்றி நட்டிருக்கிறேன். பிடித்துக்கொண்டது, பூவும் விட்டாச்சு. அங்கே யாரும் காட்டேஜ் கட்ட மாட்டார்கள்.

அப்போதெல்லாம் சரிவில் பூப் பறித்துக்கொண்டு கல்லறைக்குப் போவோம்...

இப்போது அந்தப் பூவைப் பார்க்கவே கல்லறைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.