பெட்டிக்குப் ‘பெரியது’ என்று பெயர்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் கணினிக்கு நிரல் எழுதப் பழகப் போனபோது எனக்கு இருபத்தொன்பது வயது. படிப்பித்தவர் என்னைவிட இளையவர். நான் அவரை ‘சேர்’ என்பேன், அவர் என்னை ‘அக்கா’ என்பார்.

முதல் சண்டை மூன்று எண்களால் வந்தது. மூன்றில் எது பெரியது என்று கணினி சொல்லவேண்டும். நான் நிரலுக்குள் எண் போட்டுவைக்க ஒரு பெட்டி செய்து, அதற்குப் ‘பெரியது’ என்று பெயர் வைத்து, முதல் எண்ணை உள்ளே போட்டேன். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். ஓடவிட்டேன், சரியான விடை வந்தது. நான் கொடுத்த முதல் எண்ணே பெரியதாக இருந்ததுதான் காரணம் என்பது அப்போது உறைக்கவில்லை. தலைகால் தெரியாத சந்தோஷம். சேர் வந்து எண்களை இடம் மாற்றினார், விடை பிழைத்தது.

“பேரே ‘பெரியது’ எண்டு வைச்சிருக்கிறன், சேர். பிறகும் அதுக்கு விளங்காதோ?”

“நாய் எண்டு பேர் வைச்சாலும் அதுக்கு ஒண்டுதான், அக்கா. ஒப்பிட்டுப் பார் எண்டு நீங்கள் சொல்லேல்லையே.”

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அப்பா செருமினால் தேநீர். அம்மா சட்டியை ஓசைப்படக் கழுவினால் நான் உடனே எழும்பிப் போய் உதவவேண்டும். கணினியையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள் என்று எண்ணிவிட்டேன்.

மெல்லத் திருந்தினேன். பருத்தித்துறை பஸ்ஸில் நெரிபட்டு வீடு திரும்பும்போதுகூட, நீர்வேலி வாழைத் தோட்டங்கள் கடந்து போக, ஒரு சொல்லும் விடுபடாத வசனங்களை மனத்துக்குள் அடுக்குவேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதே என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அதை விட்டால் எனக்கு மூச்சுவிட வேறு இடமும் இருக்கவில்லை.

படிப்பு முடியும் தறுவாயில் சுவிஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சேர் படிப்பிப்பதோடு வேலையும் பார்க்கும் நிறுவனத்தில் எனக்கும் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கலியாணம் என்றால் அது போச்சு. மேல்மாடியில் பழகியது போலவே அம்மாவிடம் எல்லாவற்றையும் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொன்னேன்.

“எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம், அம்மா. நான் இஞ்சையே வேலை செய்யப்போறன். அவையளுக்கு இல்லையெண்டு சொல்லுங்கோ.”

அம்மா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மாப்பிள்ளையின் தாய்க்கு போன் எடுத்தார்.

“ஓம், கேட்டனான். பிள்ளைக்குச் சம்மதம்தான். வெக்கத்திலை வேண்டாமெண்டுறாள்.”

அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று, “வேண்டாம்!” என்று கத்தினேன்.

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை, பிள்ளை. உன்ரை மனசு எனக்குத் தெரியாதோ?”