எங்கள் ஐயருக்குப் பென்ஷன் இல்லை

ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில் ஐயரின் இடக்கை மணி நிற்காமல் போனது. தீபத்தைக் கீழே வைத்துவிட்டார், மந்திரமும் முடிந்துவிட்டது, மணி மட்டும் மெல்லக் கிணுகிணுத்தபடி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்பாள் வந்திட்டா என்றார். நான் ஐயரம்மாவைப் பார்த்தேன். அவர் கும்பிடவில்லை. புருஷனின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் கோயில், நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில் லாசால் என்ற இடத்தில், முன்பு தளபாடக் களஞ்சியமாக இருந்த கட்டடம். ஒரு பக்கம் டயர்க்கடை, மறுபக்கம் தச்சுப்பட்டறை. பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் ஐயரும் ஐயரம்மாவும் இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. எனக்குப் பகலில் பெட்டி அடுக்கும் தொழிற்சாலை. பின்னேரங்களில் கோயிலில் அகப்படுகிற வேலையெல்லாம் என்னுடையது. பால் வாங்குவேன், வாசலில் பனி தள்ளுவேன், பூசை நேரம் சுவிட்சைப் போட்டால் தானாக மேளமும் மணியும் அடிக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்வேன். பியர்பொன்ட்ஸ், கர்க்லாண்ட் பக்கம் வீடு குடிபுகுதல், திவசம் என்றால் ஐயரைக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். அந்தப் பயணங்களுக்காகவே நான் வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். அப்படிக் கதைப்பார் மனுஷன்.

எங்கள் எல்லோருக்கும் சம்பளத்தில் பென்ஷனுக்கென்று வெட்டுவார்கள். ஐயருக்கு மட்டும் வெட்டுவதில்லை. கோயில் தொடங்கிய காலத்தில் எங்கள் தலைவர் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவர். அங்கே நோயாளிகளைப் பார்த்த கன்னியாஸ்திரி ஒருவருக்குப் பென்ஷன் வெட்டு இல்லை, சமயத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்குச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். கன்னியாஸ்திரிக்கு இல்லையென்றால் ஐயருக்கும் இல்லைத்தானே என்று நிர்வாகசபை முடிவுகட்டியது. கோயிலும் தன் பங்கைக் கட்டத் தேவையில்லாமல் போனதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

ஐயருக்கு அதில் பெருமை வேறு. தான் வாங்குவது தட்சணை, அதில் அரசாங்கம் கை வைக்கக்கூடாது என்பார்.

"நான் அம்பாளின்ரை கணக்கிலை பென்ஷன் கட்டுறன், தம்பி."

இந்த வசனத்தை நான் தொழிற்சாலையில் நாலு பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். மற்றவர்கள் சொல்வதில் நல்லதைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அப்படிப் படித்ததுதான் அதிகம்.

அந்த வெள்ளிக்குப் பிறகு ஐயரையும் ஐயரம்மாவையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். பார்க்கின்சன் என்றார் டாக்டர். கை நடுக்கம் கூடிக்கொண்டுதான் போகும், நெருப்போடு செய்கிற வேலையை விடுவது நல்லது என்றார். அரசாங்கம் வயதானவர்களுக்குக் கொடுக்கும் காசு ஐயருக்குக் கிடைக்க இன்னும் நாலைந்து வருடம் கிடந்தது. திரும்பி வரும்போது, பாலம் தாண்டிய பிறகு பின் சீற்றில் இருந்து ஐயரம்மா கேட்டார்.

"வேலையை விட்டால் வீட்டையும் விடோணுமோ, தம்பி?"

பூசை செய்கிறவருக்குத்தான் அந்த வீடு என்பது மூவருக்கும் தெரியும். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

கோயிலுக்கு வருகிற சென்னைப் பிள்ளை ஒருத்திக்குக் கணக்கு அலுவலகத்தில் வேலை. அன்னதானத்தின்போது அவள் பக்கத்தில் போய் இருந்து, நோய் வருத்தத்தால் வேலையை விடுகிறவர்களுக்குப் பென்ஷனில் ஏதும் கிடைக்குமா என்று விசாரித்தேன். கட்டியிருந்தால் கிடைக்கும் என்றாள். நான் கன்னியாஸ்திரி கதையைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், அந்த சிஸ்டர் தனக்குன்னு எதுவுமே வேணாம்னு சத்தியம் பண்ணிக் குடுத்தவங்க. சம்பளம் முழுக்க மடத்துக்குப் போயிடும். சாகிற வரைக்கும் மடம் அவங்களப் பாத்துக்கும். அதனாலதான் அந்த விலக்கு. உங்க குருக்களுக்கு மடம் யாரு?"

குத்திப் பேசுகிற பிள்ளை இல்லை அவள். தெரியாமல்தான் கேட்டாள். அடுத்த கிழமை தானாகவே வந்து, கட்டாமல் விட்ட அத்தனை வருடத்தையும் இனிக் கட்டித் தீர்க்க வழியில்லை என்றும் சொன்னாள்.

அவள் கேட்டதை நான் நிர்வாகசபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். தலைவர் கெட்டவர் இல்லை. இந்தக் கட்டடம் வாங்கத் தன் வீட்டையே ஈடு வைத்தவர். ஐயருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலாம், பொன்னாடை போர்த்தலாம், அன்றைக்கு உண்டியல் வைக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு இளம் ஐயர் பார்த்து வைத்திருப்பதாகவும், விசா வந்ததும் பின்வீட்டை அவருக்குத் துப்புரவாக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"கன்னியாஸ்திரியின்ரை சட்டத்தை எடுத்தனாங்கள் அண்ணை. அப்ப மடம் நாங்கள்தானே?"

தலைவர் மேசையில் இருந்த விபூதித் தட்டை நேராக்கி வைத்தார்.

"ஓம். அதைப் பிறகு கதைப்பம்."

அதற்குப் பிறகு இரண்டு கூட்டம் நடந்துவிட்டது. இரண்டிலும் தேர்த் திருவிழாவைப் பற்றித்தான் கதைத்தோம். டாக்டர் சொல்லியும் எங்கள் ஐயர்தான் இன்னும் பூசை செய்கிறார், இளம் ஐயரின் விசா வரவில்லை. வரக்கூடாது என்று நான் அம்பாளிடம் கேட்பது சரியா பிழையா தெரியாது, கேட்கிறேன்.

கூட்டத்தில் நடந்ததை ஐயருக்கு நான் சொல்லவில்லை, யாரோ சொல்லியிருக்கிறார்கள். காரில் இப்போது அவர் கதைப்பது குறைவு. அம்பாளின் கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. போன மாசம் ஒரு பூசைக்கு முன் என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"தீபம் முடிஞ்ச உடனை மெஷினை நிப்பாட்டாதை, தம்பி. நான் மணியைக் கீழை வைக்குமட்டும் ஓடட்டும்."

அப்படியே செய்கிறேன். மேளச் சத்தத்தில் அவர் கையில் கிணுகிணுக்கும் சின்ன மணி கேட்காது. ஆனால் தீபம் நடுங்குவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அம்பாள் வந்திட்டா என்று இப்போது யாரும் சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறார்கள். ஐயரம்மா என் பக்கத்தில், சுவரோரம் நிற்கிறார். ஐயர் மணியைத் தட்டில் வைத்து, அது சாயாமல் இருப்பதைப் பார்த்துக் கையை எடுத்ததும் எனக்குத் தலையசைப்பார். அதுவரைக்கும் நான் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நிற்கிறேன்.